இலையில் பூத்த உப்பு

அடையாறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட சேற்றுக்கரையில், வெண்கண்டல் மரங்கள் நிற்கின்றன. மழையற்ற நாளொன்றின் மாலையில் அவற்றின் இலைகளை உற்றுப் பார்த்தால், மாவைத் தூவினாற்போல் நுண்ணிய வெண்படிகங்கள் தெரியும். அது உப்பு. வேரில் வடிகட்டியது போக, உடம்புக்குள் நுழைந்துவிட்ட உப்பை அந்த மரம் இலைச்சுரப்பிகள் வழியே வெளியேற்றி வைத்திருக்கிறது. அடையாற்று நீரின் இன்றைய நிலையில் அந்த இலையை நாவால் தொட்டுப் பார்க்கும்படி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். பிச்சாவரத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறோம். கரிக்கிறது.

சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் தாழையோடும் புன்னையோடும் ஞாழலோடும் கண்டலும் நிற்பதை வாசகர்கள் அறிவார்கள். தலைவி காத்திருக்கும் கழிக்கரையின் பின்புலமாகவே நாம் அதை வாசித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் கண்டலை ஓர் ஆய்வுப்பொருளாக, ஏறக்குறைய ஒரு வாழ்நாள் முழுவதற்குமான கேள்வியாக ஏற்றுக்கொண்ட ஒரு விஞ்ஞானி, இந்த முகத்துவாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரமணியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அவர் அஜய் பரிதா. அவருடைய கேள்வியை எளிமையாகச் சொல்லிவிடலாம்: உப்பில் வாழத் தெரிந்த மரத்திடமிருந்து அந்த வித்தையை நெல்லுக்குக் கற்றுத்தர முடியுமா?

இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு. வெற்றிக் கதை என்றோ தோல்விக் கதை என்றோ இதை வகைப்படுத்துவது எளிதன்று. விடை தேடிப்போன முப்பது ஆண்டுகளில் கேள்வியே உருமாறிவிட்டது என்பதுதான் இதில் நம்மைக் கவர்ந்த செய்தி.

* * *

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ‘ஸ்ட்ரெஸ்’ என்றவுடன் நமக்கு மன அழுத்தம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உயிரியலில் அச்சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1936ஆம் ஆண்டு, மான்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், நஞ்சு என எந்த வகைத் தீங்கு நேர்ந்தாலும் எலியின் உடல் ஒரே மாதிரியான மாற்றங்களைக் காட்டுகிறது என்பது அதன் சாரம். பிற்பாடு அந்த நிலைக்கு அவர் கையாண்ட சொல்தான் ஸ்ட்ரெஸ். உலோகக் கம்பியின்மீது சுமை ஏற்றும்போது அதனுள் எழும் விசையைக் குறிக்கப் பொறியாளர்கள் வைத்திருந்த சொல் அது. நம் இயற்பியல் பாடநூல்கள் அதைத் ‘தகைவு’ என்று தமிழாக்கியிருக்கின்றன. அதனால் விளையும் உருமாற்றத்தைத் ‘திரிபு’ என்கின்றன. தாவரங்களுக்கு இந்த இணையைக் கறாராகப் பொருத்திப் பார்த்தவர் ஜேக்கப் லெவிட். 1972இல் வெளியான அவருடைய நூல் பல தலைமுறைத் தாவரவியலாளர்களுக்கு அடிப்படையாக இருந்தது. வறட்சி, வெப்பம், குளிர், உப்பு ஆகியவை தகைவுகள். செடி காட்டும் வாட்டம் திரிபு.

எலிக்கும் செடிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எலி ஓடலாம். செடி நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். ஆகவே அதன் தற்காப்பு முழுவதும் உள்ளுக்குள், உயிரணுக்களின் வேதியியலில் நடக்கிறது. தாவரத் தகைவியல் என்னும் துறை இந்த ஓட முடியாமையிலிருந்து பிறக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

உப்பு ஒரு செடியை இரண்டு விதமாகத் தாக்குகிறது. மண்ணில் உப்பு மிகும்போது, நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஈர மண்ணிலேயே செடி வறட்சியை அனுபவிக்கிறது. அடுத்து, சோடியம் உள்ளே நுழைந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நொதிகள் செயலிழக்கின்றன. இவ்விரண்டின் பின்விளைவாக, உயிரணுக்களில் சூப்பராக்ஸைடு போன்ற கட்டுக்கடங்காத ஆக்சிஜன் வடிவங்கள் பெருகி, சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கின்றன. நெல் இதில் மிகவும் பலவீனமான பயிர். மண்கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமனைத் தாண்டியதும் அதன் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. கடல்நீரின் அளவு சுமார் 50. வெண்கண்டலோ அந்தக் கடல்நீரிலேயே காலூன்றி நிற்கிறது.

* * *

தரமணிக்கு வருவோம். கும்பகோணத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 1988இல் முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினார். 1987இல் முதன்முதலாக வழங்கப்பட்ட உலக உணவுப் பரிசைப் பெற்றவர் அவர். அப்பரிசுத் தொகையை முதலாகக் கொண்டு 1988இல் தம் பெயரிலான ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்ட அவர், அந்தப் புரட்சியின் பக்கவிளைவுகளைப் பற்றியும் அக்காலத்தில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருந்தார். புவி வெப்பமடைந்தால் கடல் மட்டம் உயரும். உயர்ந்தால் கடலோர வயல்களும் கிணறுகளும் உவர்ப்பாகும். அந்நாள் வருமுன் நெல்லைத் தயார்செய்ய வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. 1990இல் ஒகினாவாவைத் தலைமையிடமாகக் கொண்டு அலையாத்திக் காடுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவராகவும் இருந்தார்.

இந்தக் கணிப்பை அன்று மிகை என்று கருதியவர்கள் தென்சென்னையின் கிணறுகளை எட்டிப் பார்த்திருக்கலாம். கடற்கரை நகரமொன்றின் அடியில் நன்னீர் என்பது உவர்நீரின்மீது மிதக்கும் ஒரு மெல்லிய படலம். நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலாளர்களின் பழைய கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழே நாற்பதடிக்கு உப்பு ஏறி வரும் என்றும் அதையே திருப்பிச் சொல்லலாம். ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பிய ஒரு நகரம், மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் வரை ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டிய ஒரு நகரம், இந்தக் கணக்கைச் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டது. 2003இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இந்த உப்பின் அச்சமும் இருந்தது.

* * *

அஜய் குமார் பரிதா 1963இல் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1990களின் தொடக்க ஆண்டுகளில் தரமணி நிறுவனத்தில் இணைந்தார். வடகிழக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வந்து சென்னையில் வேரூன்றிய ஆய்வாளர்கள் பலருண்டு. ஆனால் சோழமண்டலக் கரையின் சேற்றை இவரளவுக்கு நுணுகிப் படித்தவர்கள் குறைவு.

அவருடைய முதல் கட்டப் பணி நெல்லைப் பற்றியதே அன்று. அது ஒரு கணக்கெடுப்பு. அலையாத்தி மரங்களில் எது எந்த இனம், எதற்கு எது உறவு, ஓரினத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்பதை டிஎன்ஏ அடையாளங்களைக் கொண்டு தீர்மானிக்கும் பணி. 1990களின் பிற்பகுதியில் அவரும் அவருடைய குழுவினரும் இதுகுறித்து ஒரு கட்டுரை வரிசையையே வெளியிட்டனர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றலாம். சுவடிகளைப் பதிப்பிக்கும்முன் எது மூலம், எது படி என்று உ.வே.சா. ஒப்புநோக்கியதை நாம் வியக்கிறோம் அல்லவா, அதற்கு நிகரான பொறுமை இதற்கும் தேவைப்படுகிறது.

இரண்டாம் கட்டத்தில் தேடல் தொடங்கியது. ஒரு மரத்தின் முழு மரபணுத் தொகுதியையும் வாசிப்பது அன்றைய கருவிகளுக்கும் நிதிக்கும் எட்டாத செயல். ஆகவே குறுக்குவழி ஒன்றைக் கையாண்டனர். செடிக்கு உப்பைக் கொடுத்து, அந்த நெருக்கடியில் எந்தெந்த மரபணுக்கள் ‘பேசுகின்றன’ என்று கேட்பது. பேசும் மரபணு ஒவ்வொன்றும் ஆர்என்ஏ வடிவில் ஒரு நகலை வெளியிடும். அந்நகல்களைப் பிடித்து, மீண்டும் டிஎன்ஏவாக எழுதி, பாக்டீரியாக்களில் சேமித்து, ஒவ்வொன்றிலும் சில நூறு எழுத்துகளை மட்டும் வாசிப்பார்கள். நூலகத்தில் நூல்கள் முழுவதையும் படிக்க இயலாதவன் தலைப்புப் பக்கங்களை மட்டும் படித்துப் பட்டியல் போடுவதைப் போன்றது இது. வெண்கண்டலின் இத்தகைய பட்டியல் 2005இல் வெளியாயிற்று. அதில் அறிமுகமான முகங்களும் இருந்தன. வேறெந்தச் செடியிலும் அதுவரை கண்டிராதவையும் இருந்தன.

மூன்றாம் கட்டம் பெயர்த்து நடுதல். 2008இல் வெளியான ஆய்வைச் சான்றாகக் காட்டலாம். சூப்பராக்ஸைடைச் செயலிழக்கச் செய்யும் டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதிக்கான மரபணுவை வெண்கண்டலிலிருந்து எடுத்து, பூசா பாஸ்மதி-1 என்னும் நெல் வகைக்குள் செலுத்தினார்கள். 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில், அதாவது லிட்டருக்கு ஒன்பது கிராமுக்குச் சற்றுக் குறைந்த உப்பில், அந்நெல் 8 நாட்கள் தாக்குப்பிடித்தது. மாற்றப்படாத நெல் வாடிவிட்டது. தொட்டிகளில் வளர்த்து உப்புநீர் பாய்ச்சியபோதும், நீரின்றி விட்டபோதும் மாற்றிய நெல்லே மேலாக நின்றது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு ஒன்பது கிராம் என்பது கடல்நீர் உப்பில் ஏறத்தாழக் கால்பங்கு. 8 நாட்கள் என்பது நான்கு மாதப் பயிரின் வாழ்வில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தின் அளவுகோலில் இது ஐயத்துக்கிடமற்ற வெற்றி. வேதாரண்யத்து உழவரின் அளவுகோலில் இது ஒரு வாக்குறுதி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்கே பரிதாவின் எஞ்சிய ஆண்டுகள் செலவாயின. 2012இல் அவருடைய குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு இந்தத் திசையில் ஒரு நகர்வு. தற்காப்பு நொதி ஒன்றைப் பெயர்ப்பதற்குப் பதிலாக, வேறு பல மரபணுக்களை எழுப்பக்கூடிய ஒரு மேலாள் மரபணுவை வெண்கண்டலிலிருந்து எடுத்துப் புகையிலையில் வைத்துச் சோதித்தார்கள். போர்வீரனை விட்டுவிட்டுத் தளபதியைத் தேடத் தொடங்கினர் என்று இதைச் சொல்லலாம்.

இதே காலத்தில் வறட்சிக்கான மரபணுக்களை அவர்கள் தேடிய இடம் நமக்கெல்லாம் சற்றுப் புன்னகையை வரவழைக்கும். சீமைக்கருவேலம்! நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, ஏரிகளை அடைக்கிறது என்று தமிழகம் முழுவதும் வேரோடு பிடுங்க வேண்டும் எனக் குரல் எழுந்த அதே மரம். அந்த மரத்தை வெறுக்கக் காரணமான பிடிவாதம்தான் ஆய்வாளருக்கு வேண்டிய சரக்கு. 2007இல் சீமைக்கருவேலத்தின் தகைவு மரபணுப் பட்டியலும் தரமணியிலிருந்து வெளிவந்தது.

* * *

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, உப்பு பற்றிய இந்தக் கேள்விகள் ஆய்வுக்கூடச் சுவர்களுக்கு வெளியே வந்துவிட்டன. ஆழிப்பேரலை நாகை, கடலூர் மாவட்டங்களின் வயல்களில் கடலையே கொண்டுவந்து கொட்டியது. சுவாமிநாதன் பதினைந்து ஆண்டுகளாக எச்சரித்துவந்த உவர்நிலம் ஒரே காலையில் வந்துசேர்ந்தது.

அப்போது கிடைத்த விடைகளில் எதுவும் மரபணுவிலிருந்து வரவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு விடை, அதே நிறுவனத்தின் இன்னொரு குழுவிடமிருந்து வந்தது. பிச்சாவரத்தில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை முறைவைத்துக் காட்டை வெட்டிவந்ததில், திறந்த சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியின்றி ஆவியாகி, கண்டலே தாங்க முடியாத அளவுக்கு உப்பு மிகுந்தது. 1990களில் அங்கே வாய்க்கால்களை வெட்டி, அலையேற்றமும் இறக்கமும் தாராளமாக வந்துபோகும்படி செய்தார்கள். கரையோர மக்களோடு சேர்ந்து கன்றுகளை நட்டார்கள். காடு திரும்பியது. கடலூர்க் கரையில் மரங்கள் அடர்ந்திருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ஊர் இருந்த உயரமும் கடலிலிருந்து இருந்த தொலைவுமே உண்மைக் காரணங்கள் என்று வேறு சிலர் அடுத்த ஆண்டே மறுத்தார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், மரத்தின் தாங்குதிறன் அதன் மரபணுவில் மட்டுமின்றி, வந்துபோகும் நீரிலும் இருக்கிறது என்பதைப் பிச்சாவரத்து வாய்க்கால்கள் காட்டிவிட்டன.

இன்னொரு விடை, தரமணிக்கு நேரெதிர் முகாமிலிருந்து வந்தது. நம்மாழ்வார் நாகைப் பகுதிக்குச் சென்று, உப்பேறிய வயல்களை இயற்கை வேளாண் முறைகளால் மீட்கும் பணியில் உழவர்களோடு நின்றார். வரப்புயர்த்தி மழைநீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றுவது, தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது, உவரைத் தாங்கும் மரபு நெல்லைத் தேடி விதைப்பது என அனைத்தும் பழைய வித்தைகள். குழியடிச்சான், களர்ப்பாளை ஆகிய பெயர்கள் அப்போதுதான் நகரத்து வாசகர்களின் காதில் விழுந்தன. கேரளத்தில் இறாலோடு மாறிமாறி விளையும் பொக்காளி நெல்லும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. உவர் தாங்கும் புதிய நெல் வகைகளை உருவாக்கப் பன்னாட்டு ஆய்வாளர்கள் இன்றளவும் அதிகம் நாடும் மரபுக்கூறு பொக்காளியின் முதலாம் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெயரற்ற உழவர்கள்.

சுவாமிநாதனுக்கும் நம்மாழ்வாருக்கும் இடையிலான பிணக்கைத் தமிழ்ச் சிற்றிதழ் உலகம் நன்கறியும். அதில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் தெரிந்ததே. நாமும் அதே பக்கம் நின்று நிறையப் பேசியிருக்கிறோம். ஆயினும் அந்தப் பிணக்கில் ஆய்வுக்கூடத்து மனிதர்கள் வெறும் நிழல்களாகவே நமக்குத் தெரிந்தார்கள் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மரபணு மாற்றத்தை எதிர்ப்பதற்கும், மரபணுவைப் பற்றி அறிய மறுப்பதற்கும் வேறுபாடு உண்டு.

அந்த மனிதர்களின் நெல் என்னவாயிற்று? 2002இல் பிடி பருத்தி அனுமதி பெற்றது; 2010இல் பிடி கத்தரிக்காய் நிறுத்திவைக்கப்பட்டது; அயல் மரபணு சேர்த்த நெல் எதுவும் இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வரவில்லை. தரமணி நெல்லும் வயலுக்கு வரவில்லை. 2018 நவம்பரில் சுவாமிநாதனே, பி.சி. கேசவனோடு இணைந்து ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் மரபணு மாற்றப் பயிர்கள் குறித்துக் கடும் ஐயங்களை எழுப்பினார். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அதை வன்மையாகக் கண்டித்தார். இறுதியில் வறட்சியையும் உவரையும் தாங்குவதாகச் சொல்லப்படும் ஒரு நெல் 2025 மே மாதம் தில்லியில் அறிவிக்கப்பட்டபோது, அதில் அயல் மரபணு எதுவும் இல்லை. நெல்லின் சொந்த மரபணு ஒன்றில் செய்த திருத்தம் அது.

* * *

இவ்விடத்தில் கதைக்கு இன்னொரு இழை வந்து சேர்கிறது. 1942இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் ‘எபிஜெனெடிக்ஸ்’ என்னும் சொல்லை உருவாக்கினார். ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட உயிரணுக்களில் ஒன்று இலையாகவும் மற்றொன்று வேராகவும் ஆவது எப்படி என்பது அவருடைய கேள்வி. மரபணுக்களின் எழுத்துகள் மாறுவதில்லை. எதை வாசிக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்ற குறிகள் மாறுகின்றன என்பது பின்னாளில் கிடைத்த விடை. டிஎன்ஏயின் மேல் ஒட்டும் மெத்தில் குறிகளும், அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களும் இவ்வேலையைச் செய்கின்றன. மேல்மரபியல் என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

செடிகளின் தகைவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சில செடிகள் நினைவு வைத்துக்கொள்கின்றன. பனிக்காலம் கடந்தபின்தான் பூக்க வேண்டிய செடியில், நீண்ட குளிர் ஒரு குறிப்பிட்ட மரபணுவின்மேல் குறிகளைப் பதித்து அதை மூடிவிடுகிறது. குளிர் போன பின்னும் அம்மூடல் நிற்கிறது. வசந்தத்தில் செடி பூக்கிறது. ஆனால் விதை உருவாகும்போது குறி அழிந்து, அடுத்த தலைமுறை மீண்டும் புதிதாகக் குளிரைக் காண வேண்டியிருக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு பெருந்துயரம் ஒளிந்திருக்கிறது. குளிர்ப்படுத்திப் பூக்கவைக்கும் முறையைக் கொண்டு சோவியத் வேளாண்மையை ஆட்டிப்படைத்த லைசென்கோ, அவ்வாறு பெற்ற பண்பு பரம்பரையாகத் தொடரும் என்றார். அதை மறுத்த நிகோலாய் வாவிலோவ், உலகெங்கும் விதைகளைத் தேடித் தொகுத்த அந்த மாமனிதர், 1940இல் கைதாகி 1943இல் சரதோவ் சிறையில் இறந்தார். மேல்மரபியல் என்றாலே ‘லைசென்கோ வென்றுவிட்டார்’ என்று எழுதும் அவசரத்துக்கு நாம் இடமளிக்கலாகாது. செடிக்கு நினைவு உண்டு. சில இனங்களில் சில குறிகள் விதையைத் தாண்டியும் செல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை துடைக்கப்படுகின்றன. எவை நிற்கும், எவை அழியும் என்பதே இத்துறையின் இன்றைய ஆராய்ச்சி.

அலையாத்தி மரங்களுக்கும் இக்கேள்வி வந்தது. 2010இல் பிரேசில் ஆய்வாளர்கள், ஆற்றங்கரையில் ஓங்கி வளர்ந்த வெள்ளை அலையாத்தியையும், உவர்ச் சதுப்பில் புதராகக் குறுகிய அதே இனத்தையும் ஒப்பிட்டார்கள். இரண்டின் டிஎன்ஏ எழுத்துகளிலும் வேறுபாடு மிகச் சொற்பம். மெத்தில் குறிகளிலோ வேறுபாடு மிகுதி. உவரில் நின்ற மரங்களில் குறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஒரே நூலை இரண்டு வாசகர்கள் வெவ்வேறு பக்கங்களில் அடிக்கோடிட்டு வாசிப்பதுபோல் அது இருந்தது. உப்பைத் தாங்குதல் என்பது ஒரு மரபணுவில் உறைந்த பொருளா, அல்லது அந்தச் சேற்றில் நின்று நின்று மரம் பழகிக்கொண்ட வாசிப்பா? பழக்கமும் இதில் கலந்திருக்குமானால், மரபணுவை மட்டும் பெயர்த்து நெல்லில் வைத்தால் எவ்வளவு வந்துசேரும்?

* * *

பரிதா பின்னர் தரமணி நிறுவனத்தின் செயல் இயக்குநராகவும் இருந்தார். 2014இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதன்பின் புவனேசுவரத்திலுள்ள உயிர் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். கொரோனாத் தொற்றின் ஆண்டுகளில் அந்நிறுவனம் தீநுண்மியின் மரபணுத் தொடர்களை வாசிக்கும் பணியில் ஈடுபட்டது. வெண்கண்டலை அவர் விடவில்லை. தரமணியின் தொடக்கக்கால ஆய்வுகளில் உடன் உழைத்தவரும் காட்டாங்குளத்தூரில் பேராசிரியராகப் பணியாற்றியவருமான மாடசாமி பரணி உள்ளிட்டோருடன் இணைந்து, 2021 ஜூலையில் வெண்கண்டலின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டார். தலைப்புப் பக்கங்களை மட்டும் வாசித்தவர்கள், ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நூலகம் முழுவதையும் வாசித்து முடித்தார்கள்.

சுமார் 45.7 கோடி எழுத்துகள். 31 குரோமோசோம்கள். புரதங்களுக்கான 31,477 மரபணுக்கள். அவற்றுள் உப்புக்கு எதிர்வினை காட்டுபவை 3,246.

இந்தக் கடைசி எண்ணின் முன் நாம் சற்று நின்றோம். ஒரு மரபணுவை எடுத்து நெல்லில் வைத்து, 8 நாட்கள் தாக்குப்பிடித்ததைக் கண்டு மகிழ்ந்த ஒரு குழு, தன் தேடலின் முடிவில் அப்படிப்பட்டவை மூவாயிரத்துக்கும் மேல் இருப்பதைத் தானே எண்ணிக் காட்டியது. இது தங்கள் பழைய நம்பிக்கையைத் தாங்களே சுருக்கிக்கொள்வதும் ஆகும். அதைச் செய்யும் துணிவுதான் இந்தத் தொழிலின் அறம் என்று நினைக்கிறோம். அதே கட்டுரையில் கடல்நீர் வேளாண்மை என்னும் கனவையும் அவர்கள் விடவில்லை. கனவு சிறுக்கவில்லை, அதன் விலை தெரிந்துவிட்டது, அவ்வளவே.

2022 ஜூலை 19 அன்று குவாஹாத்தியில் அஜய் பரிதா காலமானார். வயது ஐம்பத்தெட்டு. 2023 செப்டம்பர் 28 அன்று சென்னையில் தமது தொண்ணூற்றெட்டாம் வயதில் சுவாமிநாதனும் மறைந்தார். நம்மாழ்வார் 2013இலேயே விடைபெற்றிருந்தார். மூவரும் உப்பைப் பற்றியே, மூன்று வெவ்வேறு மொழிகளில் கவலைப்பட்டவர்கள். ஒருவர் எதிர்காலத்தின் கடல் மட்டத்தைப் பார்த்தார்; ஒருவர் உயிரணுவின் உள்ளே பார்த்தார்; ஒருவர் வரப்பில் நின்று மழையைப் பார்த்தார். இவர்களில் ஒருவரை மற்றவருக்கு எதிராக மட்டுமே வாசிக்கும் பழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்யலாம் என்பது இக்கட்டுரையின் எளிய வேண்டுகோள்.

அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. குப்பைமேடாகக் கிடந்த சதுப்பில் நீருக்கு வழிவிட்டு, கண்டலும் பிறவும் நடப்பட்டன. பறவைகள் திரும்பியிருக்கின்றன. நாம் கடைசியாக அந்தப் பக்கம் சென்றபோது கடலேற்றம். நீர் மெதுவாக மேலேறி வேர்முனைகளை மூடிக்கொண்டிருந்தது. கரையில் ஒருவர் தூண்டிலுடன் உட்கார்ந்திருந்தார். அந்த மரத்தின் பெயர் தெரியுமா என்று கேட்டோம். “கண்டல் சார்” என்றார், மிதப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “உப்புத் தண்ணிக்குப் பொறந்தது.”